கயிறு பிடித்தவன் கேட்கும் கேள்வி

1

போன வாரம் என்னை உளவாளி என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பதற வேண்டாம். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். போகும்போது தேநீர்கூடக் கொடுத்தார்கள். ஆனாலும் இந்தச் சேதி எப்படியாவது ஊருக்கு வந்து சேரும். நம் தூத்துக்குடியில் ஒரு சேதி பீச் ரோட்டின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். என்னைத் தூக்கில் போட்டுவிட்டதாகச் சொல்லி யாராவது மாதா கோவிலில் என் பேரில் பூசைக்கும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் தூத்துக்குடியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இப்போது ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டின் தாமிரச் சுரங்க ஊர் ஒன்றில் அதே கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறேன். கூடவே மனைவி பிலோமி, மகள் ஸ்டெல்லா. விமானம் ஏறும்போது ஸ்டெல்லாவுக்கு மூன்று வயது. இப்போது ஒன்பது. தெருப் பிள்ளைகளோடு பெம்பா மொழியில் சண்டை போடுகிறாள், எங்களோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறாள். தமிழை மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி எப்போதாவது எடுத்து மாட்டிக்கொள்கிறாள், அதுவும் பொத்தான் மாற்றிப் போட்டு. "அப்பா, நீ இன்னிக்கு ஓடு செய்றியா?" என்று கேட்பாள்.

ஆமாம், ஓடு செய்கிறேன். பிடிபட்டதும் அதனால்தான். வருசத்தில் ஒரு நாள், என் மச்சான் சூசை இறந்த நாளில், விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி ஊர் எல்லை வரை ஓடிவிட்டு வருவேன். 

2

சூசை பிலோமியின் அண்ணன். எனக்கு மச்சான் ஆவதற்கு முன்பே என்னோடு ஓடினவன். திருவிழாவில் வாலிபர்களுக்கு வைக்கும் ஓட்டப் பந்தயத்தில்தான் பழக்கம். ஒவ்வொரு வருசமும் அவன்தான் முதலில் வருவான் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒவ்வொரு வருசமும் அவன் இரண்டாவதாக வருவான். காரணம் வேகம் இல்லை, வேடிக்கை. பந்தயம் பாதியில் இருக்கும்போது வீட்டு வாசலில் நிற்கும் கிழவியிடம், "ஏளா, மருமவ வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே ஓடுவான். பதில் வர வேண்டுமே, அதற்குத் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரத்தில் இன்னொருவன் தாண்டிவிடுவான்.

அவர்கள் குடும்பம் சங்கு குளிக்கிற குடும்பம். முத்துக் குளிப்பு நின்றுபோய் வருசங்கள் ஆகியிருந்தன. சங்கு மட்டும் மிச்சம். சங்குக் காலம் இல்லாத மாதங்களில் சூசை புதுத் துறைமுக வேலைக்குப் போவான். அப்போது அங்கே கடலுக்குள் லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் காலையில் மாதா கோவில் முன்னால் சந்தித்து, பீச் ரோடு வழியாக உப்பளத்தைத் தாண்டி, அந்தக் கல் கொட்டும் இடம் வரை ஓடுவோம். அந்தக் காலை ஓட்டத்தில் எனக்கு முன்னால் அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. என்னைவிட நன்றாக ஓடக்கூடியவன், ஆனால் எப்போதும் ஓரடி பின்னால்தான் வருவான்.

அங்கிருந்துகொண்டு திடீரென்று கேட்பான்: "ஏலே, என்ன தெரியுது?"

உடனே நான் கண்ணில் பட்ட எதையாவது சொல்ல வேண்டும். முதல் நாள் நான் பெரிய மனுசத்தனமாக, "கடல் தெரியுது" என்றேன். 

"செல்லாது. வேற சொல்லு."

"வானம்."

"அதுவும் செல்லாதுலே. கண்ண மூடிட்டே சொல்லிரலாம் அத. இன்னைக்குப் பாத்தியா, அதச் சொல்லு."

தேடினேன். உப்பளத்து வரப்பில் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு, செயின் கழன்றதை ஒரு குச்சியால் மாட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். "இப்போ சரி. மூச்சு இருக்கு உனக்கு. ஓடு" என்றான்.

இது என்ன விளையாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பழகிப் போயிற்று. பழகின பிறகு ஒரு தொல்லை: சும்மா நடக்கும்போதும் கண் எதையாவது பொறுக்கிக்கொண்டே இருந்தது. பனியன் கம்பெனிக் காலண்டரை முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு தூங்கும் வண்டிக்காரர், ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சாளை மீனுமாக வாசல் கதவை முழங்காலால் தள்ளும் பெண். கணக்கைத் தவிர ஒன்றும் பார்க்காமல் வளர்ந்தவன் நான். பார்க்கிறதுக்கு இவ்வளவு இருக்கிறதா என்று அப்போதுதான் தெரிந்தது.

3

எனக்கும் பிலோமிக்கும் கல்யாணம் ஆன பிறகு சூசையின் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. நாலு பேர் முன்னால் "வாரும் மாப்ள, இரியும் மாப்ள" என்று மரியாதை கொட்டுவான். ஓடும்போது மட்டும் பழைய "ஏலே"தான். 

அவர்கள் தோணியில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணிக்குள் போகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்துக்கொண்டு நிற்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். சூசைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதுவரை அவன் அப்பாவே பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது தங்கச்சி மாப்பிள்ளை என்று ஒருவன் கிடைத்துவிட்டான். 

"எனக்கு நீச்சலே தெரியாதே மச்சான்" என்றேன்.

"உன்ன யாரு நீந்தச் சொன்னா? கயிற விட்டுட்டு வீட்டுக்குப் போயி என் தங்கச்சி மூஞ்சில முழிப்பியா? முழிக்க மாட்டேல்லா? அது போதும்."

ஒரு சனிக்கிழமை போனேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அவன் இறங்கினான். கயிறு என் உள்ளங்கை வழியாகச் சரசரவென்று ஓடி, நின்றது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. சும்மா தண்ணீர். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த செபம் எல்லாம் சொல்லி முடித்து, தெரியாததையும் ஆரம்பித்துவிட்டேன். கயிறு வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டியது. இழுத்தேன். அவன் தலை வெளியே வந்தது. சந்தோசத்தில் "ஆ!" என்று கத்திவிட்டு, தோணியில் நின்ற மாமாவை, சூசையின் அப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சூசை தோணி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறான். ஏறவும் இல்லை, பேசவும் இல்லை. மூக்கிலிருந்து தண்ணீர் வழிகிறது. எனக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாமா கத்தினார்: "வாத்தியாரே! கேளும்வே!"

"என்ன கேக்க?"

"என்ன தெரியுதுன்னு கேளும்! கேட்டாத்தான அவன் சொல்லுவான்!"

அப்போதுதான் விளங்கியது. அடியிலிருந்து வருகிறவனுக்குச் சில நேரம் கண் திறந்திருக்கும், புத்தி திறந்திருக்காது. கயிறு பிடித்தவன் கேட்க வேண்டும், வந்தவன் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல், வானம் எல்லாம் செல்லாது. பாதி மயங்கினவன்கூட அதைச் சொல்லிவிடுவான். சரியாகச் சொன்னால்தான் ஆள் முழுசாக வந்து சேர்ந்தான் என்று கணக்கு. கேட்கும்வரை அவன் ஏற மாட்டான்.

"மச்சான், என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒரு கூமுட்ட வாத்தியாரு, சட்டப் பொத்தான மாத்திப் போட்டுருக்கான்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன். (ஸ்டெல்லாவின் தமிழுக்கு அந்த உவமை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.)

4

இங்கே வந்த இரண்டாம் வருசம் தந்தி வந்தது. காமாலை. இத்தனை காலம் கடலுக்குள் போய்ப் போய் வந்தவனை, கரையில் ஒரு பாயில் படுக்க வைத்துக் காமாலை கொண்டுபோய்விட்டது. தந்தி எங்கள் கைக்கு வந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது.

ஆனாலும் போய்வர வேண்டும் என்று விடுப்புக்கு அலைந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் விதிப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். நெருங்கிய உறவு இறந்தால் விடுப்பும் பயணச் செலவும் உண்டு. மனைவியின் அண்ணன் நெருங்கிய உறவில் வரமாட்டார். "மனைவிக்கு நெருங்கிய உறவுதானே?" என்றேன். "உங்கள் மனைவி எங்களிடம் வேலை பார்க்கவில்லையே" என்றார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. சொந்தச் செலவில் போக எங்களுக்கு அப்போது வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிலோமியிடம் சொன்னேன். "சரி" என்றாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள், தொடர்ந்து களைந்தாள்.

அன்றிலிருந்து அவள் அண்ணன் பெயரைச் சொன்னதில்லை. நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். அவன் படம் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. இரவு செபத்தில் "மரித்த எல்லாருக்காகவும்" என்று பொதுவாகச் சொல்லித் தாண்டிவிடுவாள். தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே தெரியாமல்தான் ஸ்டெல்லா வளர்ந்தாள். 

சிரிக்காமல் இருந்தாள் என்றில்லை. சமைத்தாள், கடைவரிசையில் நின்று எண்ணெய் வாங்கினாள், பக்கத்து வீட்டுக்காரிகளிடம் அவர்கள் பாணியில் துணி சுற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ஆனால் எதையும் பார்க்கிறவள் மாதிரி இல்லை. முன்பெல்லாம் தெருவில் போகிற பூனைக்குக்கூடப் பெயர் வைப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனோடு சேர்ந்து அவளும் பாதி போய்விட்டாளோ, இனி அந்தப் பாதி வரவே வராதோ என்று பயம். அதை யாரிடம் சொல்வது? ஓடினேன். அவன் நினைவு நாளில் நான் கிளம்பும்போது அவள் எனக்கு முன்பே எழுந்து கடுங்காப்பி போட்டு வைத்திருப்பாள். எங்கே என்று கேட்க மாட்டாள்.

5

இனி உளவாளிக் கதை.

இங்கே இப்போது குளிர் மாதம். வாயைத் திறந்தால் புகை வரும். மேட்டு நிலம், ஆகவே மூச்சும் சீக்கிரம் வாங்கும். செம்மண் பாதையில், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கறையான் புற்றுகளுக்கு நடுவே ஓடினேன். பின்னால் ஓரடி தள்ளி யாரும் இல்லை. ஆனாலும் கேள்வி வந்துகொண்டிருந்தது, நானும் வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகில் பிள்ளையைக் கட்டிய பெண், நிலக்கடலையைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்து வைக்கிறாள். ஒரு குவியலிலிருந்து பிள்ளை திருடுகிறது. சைக்கிளில் மூன்று மூட்டை கரி. ஓட்டுகிறவன் தெரியவில்லை, கால் மட்டும் தெரிகிறது.

ஊர் எல்லையில் பெட்ரோல், டீசல் சேமிக்கும் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருக்கின்றன. பக்கத்து நாட்டில் சண்டை நடப்பதால் அங்கே காவல் அதிகம். நான் அதை யோசிக்கவே இல்லை. "ஒரு டேங்கர் நிக்கி, டிரைவரு ஸ்டியரிங்லயே தூங்குதான். கேட்டுல போலீசு ரெண்டு பேரு, ஒருத்தன் கொட்டாவி விடுதான்" என்று மச்சானுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். கொட்டாவி விட்டவன் வாயை மூடினான். துப்பாக்கியை எடுத்தான்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நம் தமிழில் டேங்கரும் டிரைவரும் கேட்டும் போலீசும் கிடக்கிறதே! அது போதாதா? வெளிநாட்டுக்காரன் கையோடு வைத்திருக்க வேண்டிய பதிவு அட்டையும் என்னிடம் இல்லை. அரைக்கால் சட்டையில் அதை எங்கே வைப்பது?

காவல் நிலையத்தில் பெரிய உருவமாக ஒரு சார்ஜண்ட், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் விசாரணை நடந்தது.

"யாருக்கு வேவு சொன்னாய்?"

"என் மனைவியின் அண்ணனுக்கு."

"அவர் எங்கே?"

"இறந்துவிட்டார்."

சார்ஜண்ட் பேனாவைக் கீழே வைத்தார். "இறந்தவர் உன்னிடம் கேட்கிறார்?"

"ஆமாம்."

"நீ சொல்கிறாய்?"

"ஆமாம்."

சார்ஜண்ட் தலையைத் திருப்பினார். "முலாமு" என்று, என்னைப் பிடித்துவந்த கான்ஸ்டபிளிடம் சொன்னார். மச்சான் முறைக்கு இங்கே ஊருக்குள் புழங்கும் சொல் அது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். இவர்களிடமும் மச்சான் என்றால் கேலியும் உண்டு, பயமும் உண்டு. ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார்: "நீ பொய் சொல்லலாம். உன் மனைவி வரட்டும்."

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. துப்பாக்கிக்கு அவ்வளவு பயப்படவில்லை. அவளிடம் போய் அவன் பெயரைக் கேட்கப் போகிறார்களே!

6

பிலோமி வந்தாள். சேலைக்கு மேல் இந்த ஊர்த் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் என் பதிவு அட்டையோடு. பின்னாலேயே ஸ்டெல்லா. சார்ஜண்ட் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார், பேசக் கூடாது என்று.

"அம்மா, உங்கள் கணவர் யாருக்காக ஓடுகிறார்?"

அவள் தரையைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் என்னை இரண்டு நாள் உள்ளே வைத்திருப்பார்கள், அது பரவாயில்லை. ஆனால் அதன் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் திரும்ப வராது.

"அம்மா, அப்பா யாருக்காக ஓடுறாருன்னு கேக்குறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"சூசை" என்றாள் பிலோமி. அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இங்கிலீஷில், "மை பிரதர்" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த இங்கிலீஷ் அத்தோடு முடிந்தது. மிச்சம் எல்லாம் தமிழில் வந்தது. ஸ்டெல்லா அதை அப்படியே பெம்பாவில் சார்ஜண்டுக்குச் சொன்னாள். எங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் தமிழில் பேசாத பிள்ளை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுச் சொன்னாள்.

தோணி, கயிறு, கேள்வி, கடலும் வானமும் செல்லாது என்பது எல்லாவற்றையும் பிலோமி சொன்னாள். "எனக்குச் சின்னதுல அம்மை போட்டுது. அண்ணன் பக்கத்துலயே இருப்பான். நான் கண்ண முழிக்கும்போதெல்லாம் 'ஏளா, என்ன தெரியுது'ம்பான். ஓட்டுல பல்லி இருக்குன்னு சொல்லுவேன். 'பொழைச்சுக்கிட்டா'ன்னு அம்மாகிட்ட ஓடுவான்." சார்ஜண்ட் சிரித்தார். ஸ்டெல்லாவும் சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

"அவன் பாயில கெடந்தப்போ நான் அங்கன இல்லியே" என்றாள் பிலோமி. "அவன் கண்ண முழிச்சப்போ யாரு கேட்டாவளோ. கேட்டாவளோ, கேக்கவே இல்லியோ."

ஸ்டெல்லா அதை மொழிபெயர்க்கவில்லை. சார்ஜண்டும் என்னவென்று கேட்கவில்லை. எழுந்து போய் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன் பிறகுதான் தேநீர் வந்தது.

கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "அடுத்த வருடம் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடு. வாயை மூடிக்கொண்டு ஓடு."

"மூட முடியாதே" என்றேன்.

யோசித்தார். "சரி. தொட்டிப் பக்கம் வரும்போது மட்டும் மூடிக்கொள்."

விதிப் புத்தகத்தில் இல்லாத மச்சான் முறை அந்தக் காவல் நிலையத்தில் இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

7

மூன்று பேரும் நடந்தே வந்தோம். பிலோமி அழுதுகொண்டே வந்தாள். நாலு வருச அழுகை, நானும் தடுக்கவில்லை. ஒரு மாமரத்தடியில் நின்றாள். போர்த்தியிருந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ மிச்சம் இருப்பது போல.

அழுகை நின்ற சந்தோசத்தில் நான் வழக்கம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் தோணி விளிம்பு ஞாபகம் வந்தது. மூக்கில் தண்ணீர் வழிய அவன் தொங்கிக்கொண்டு பார்த்த பார்வை. அதே கண் இவளுக்கும்.

"பிலோமி" என்றேன். "என்ன தெரியுது?"

பாதையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"ஸ்டெல்லா காலப் பாருங்க" என்றாள். "ஒரு கால்ல அவ செருப்பு, ஒரு கால்ல உங்க செருப்பு."

பார்த்தோம். அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என் செருப்புக்குள் அவள் பாதம் பாதிதான் இருந்தது. காவல் நிலையம் வரை, திரும்பி இவ்வளவு தூரம், அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எங்கள் மூன்று பேர் கண்ணிலும் அது படவில்லை.

ஸ்டெல்லா குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, தன் தமிழில் கேட்டாள்:

"அம்மா, இது செல்லுமா?"

"செல்லும்ளா" என்றாள் பிலோமி. "உங்க மாமாவுக்கு இது நல்லாச் செல்லும்."